காதில் வில்லை உண்டு. கணக்கில் பால் இல்லை

புதுதில்லி: நாட்டுப் பசுவைப் பற்றி ஒரு கேள்வியேனும் எழாத நாடாளுமன்றக் கூட்டத்தொடர் அரிது. கேள்வி எழுந்தால் அமைச்சகத்திடமிருந்து இணைப்புகளோடு பதில் வந்துவிடும். எத்தனை லட்சம் உறைவிந்துக் குச்சிகள் உற்பத்தியாயின, எத்தனை கோடி மாடுகளுக்குச் சினை ஊசி போடப்பட்டது, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு நிதி சென்றது என்று அட்டவணைகள் நீளும். அத்தனை ஊசிகளுக்குப் பிறகு பிறந்த கிடேரிகள் தம் தாய்ப் பசுக்களைவிட எத்தனை லிட்டர் கூடுதலாகக் கறக்கின்றன என்ற கணக்கை அந்த இணைப்புகளில் தேடினால் கிடைப்பது கடினம். கேள்வி கேட்கும் உறுப்பினர்களும் பெரும்பாலும் அதை வற்புறுத்துவதில்லை.

2014 டிசம்பரில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டத்தைத் திருத்தியமைக்க 2025 மார்ச் 19-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ஒதுக்கீடு 1,000 கோடி ரூபாய் உயர்த்தப்பட்டு 3,400 கோடி ரூபாய் ஆயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2024 அக்டோபர் 5-ஆம் தேதி, மகாராஷ்டிர மாநிலம் வாஷிமில் நடந்த விழாவில் பசுக்களுக்கான 'கௌ சிப்', எருமைகளுக்கான 'மஹிஷ் சிப்' என்ற இரண்டு மரபணுச் சில்லுகளைப் பிரதமர் நரேந்திர மோடி அறிமுகப்படுத்தினார். கன்று பிறந்தவுடன் அதன் ரத்தத்தையோ ரோமத்தையோ சோதித்து, அது நல்ல பொலிகாளை ஆகுமா என்று கணித்துவிட முடியும் என்பதே இச்சில்லுகள் தரும் வாக்குறுதி.

வாக்குறுதி பொய்யானது அல்ல. அமெரிக்காவில் 2009 முதல் ஹோல்ஸ்டைன் இனக் காளைகள் இந்த முறையில்தான் அதிகாரபூர்வமாக மதிப்பிடப்படுகின்றன. ஆனால் சில்லு தானாக எதையும் சொல்வதில்லை. அதற்குப் பின்னால் வேறொரு கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கில்தான் நாம் 75 ஆண்டுகளாகத் தடுமாறிக் கொண்டிருக்கிறோம்.

பேத்திக்கு எவ்வளவு?: ஒரே ஊரில், ஒரே இனத்தைச் சேர்ந்த 100 பசுக்கள் இருந்தால் 100-ம் ஒரே அளவு கறப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வில் ஒரு பகுதி மரபணுக்களால் வருவது. எஞ்சியது தீவனம், தண்ணீர், நோய், கோடை வெயில், வளர்ப்பவரின் கைப்பக்குவம் ஆகியவற்றால் வருவது. மொத்த ஏற்றத்தாழ்வில் பெற்றோரிடமிருந்து கன்றுக்குக் கடத்தப்படக்கூடிய மரபின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் கால்நடை விஞ்ஞானிகள் 'ஹெரிட்டபிலிட்டி', அதாவது மரபுவழிப் பங்கு என்கிறார்கள். பால் அளவைப் பொருத்தவரை இது ஏறத்தாழ கால் பங்கு. பாலிலுள்ள கொழுப்பின் சதவீதத்துக்குக் கிட்டத்தட்டப் பாதி. காலத்தில் சினைபிடிக்கும் திறனுக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு பசு கறக்கும் பாலில் கால்வாசி மரபணுவால் வருகிறது என்று இதைப் புரிந்துகொண்டால் தவறாகும். பசுவுக்குப் பசு உள்ள வித்தியாசத்தைப் பற்றியது இந்தக் கணக்கு.

இதை வைத்து ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2,000 லிட்டர் கறக்கும் மந்தையில் ஒரு பசு 3,000 லிட்டர் கறக்கிறது. கண்காட்சியில் அதற்கு மாலை, பரிசு எல்லாம் கிடைக்கின்றன. அதன் காளைக்கன்றை அரசுப் பண்ணை பொலிகாளையாக வாங்கிக் கொள்கிறது. கூடுதலாகக் கிடைத்த 1,000 லிட்டரில் மரபால் வந்தது என்று எதிர்பார்க்கத்தக்கது 250. அதில் பாதியை மகனுக்குத் தாய் தருகிறது, 125. அந்த மகன் தன் மகளுக்குத் தருவது அதிலும் பாதி. ஆக, பரிசு பெற்ற பசுவின் பேத்திக்கு அந்த வழியில் போய்ச் சேரும் ஆதாயம் ஓர் ஈற்றுக்குச் சுமார் 62 லிட்டர். கறவைக் காலத்தின் 300 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஒரு டம்ளர் அளவே தேறும்.

அதுவும் சராசரிதான். தாயின் ஒரே ஓர் ஈற்றின் கறவையை மட்டும் பார்த்துக் காளையைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தேர்வின் நம்பகத்தன்மை நூற்றுக்கு ஆறு என்கிறது புள்ளியியல். அதே காளையின் மகள்கள் 50 பேரின் பாலை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்தால் அது நூற்றுக்கு 77 ஆக உயர்கிறது. காளை பால் தருவதில்லை. ஆகவே அதன் தரத்தைச் சொல்ல அதன் மகள்களைத்தான் கேட்க வேண்டும். 'சந்ததிச் சோதனை' என்று இதற்குப் பெயர்.

இதில் உள்ள இடையூறு காலம். காளை வளர்ந்து விந்து தர இரண்டு ஆண்டுகள். அதன் மகள்கள் பிறந்து, வளர்ந்து, கன்று ஈன கலப்பினத்தில் மூன்று, நான்கு ஆண்டுகள்; நாட்டினத்தில் இன்னும் கூடுதல். முதல் ஈற்றின் பாலை அளந்து முடிக்க மேலும் ஓர் ஆண்டு. ஒரு மக்களவையின் ஆயுள் முடிந்து அடுத்த மக்களவை பாதியைத் தொடும்போதுதான் முதல் காளைக்கு மதிப்பெண் கிடைக்கும். திறப்பு விழா நடத்திய அமைச்சர் அப்போது எந்தத் துறையில் இருப்பாரோ தெரியாது.

இந்தக் காத்திருப்பை யாரும் விரும்புவதில்லை என்பதற்கு அரியாணாவில் நடக்கும் கால்நடைக் கண்காட்சிகளே சாட்சி. அங்கே 'யுவராஜ்' என்ற முரா எருமைக்கிடாவுக்குக் கோடிக்கணக்கில் விலை பேசப்பட்டதாகப் பல ஆண்டுகள் செய்திகள் வந்தன. அதன் எடை, உயரம், அது தின்னும் ஆப்பிள், குடிக்கும் பால் பற்றியெல்லாம் நாளேடுகள் எழுதின. அதன் மகள்கள் சராசரியாக எத்தனை லிட்டர் கறந்தன என்பதுதான் விலைக்கான ஒரே நியாயமான காரணமாக இருந்திருக்க முடியும். அந்தக் கேள்விக்கு இச்செய்திகளில் இடமே இருக்கவில்லை.

ராணுவம் மூடிய கணக்கு: பாலை அளந்து எழுதிவைக்கும் பழக்கம் இந்த நாட்டில் இருந்ததே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1889 பிப்ரவரி 1-ஆம் தேதி அலகாபாதில் முதல் ராணுவப் பால் பண்ணை தொடங்கப்பட்டது. பாசறைகளில் இருந்த படையினருக்குப் பால் தருவதற்காக ஏற்பட்ட இப்பண்ணைகள், மாடு ஒவ்வொன்றின் பிறப்பு, சினை, ஈற்று, பால் ஆகியவற்றைப் பதிவு செய்து வந்தன. நாடு விடுதலை அடைந்தபோது 130 பண்ணைகளில் சுமார் 30,000 மாடுகள் இருந்தன. 1985-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து ராணுவப் பண்ணைகள் ஒரு பெரிய பரிசோதனையில் இறங்கின. எட்டில் ஐந்து பங்கு ஹோல்ஸ்டைன், எட்டில் மூன்று பங்கு சாஹிவால் ரத்தம் கொண்ட 'பிரீஸ்வால்' என்ற கலப்பினத்தை உருவாக்கி, அதிலிருந்து சந்ததிச் சோதனை மூலம் காளைகளைத் தேர்ந்தெடுப்பதே நோக்கம். மீரட்டில் உள்ள மத்திய மாட்டின ஆராய்ச்சி நிறுவனம் இதன் அறிவியல் பொறுப்பை ஏற்றது.

ஒரே நிர்வாகம், ஒரே வகைத் தீவனம், ஒரே முறைப் பதிவேடு, ஆயிரக்கணக்கான மாடுகள் என மரபியல் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான மந்தை இந்தியாவில் வேறு இருந்திருக்க வாய்ப்பில்லை. 2017-இல், ராணுவச் சீரமைப்பின் ஒரு பகுதியாக, எஞ்சியிருந்த 39 பண்ணைகளையும் மூடப் பாதுகாப்பு அமைச்சகம் முடிவு செய்தது. பால் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. அதற்காக வீரர்களையும் நிலத்தையும் கட்டிப்போட வேண்டியதில்லை என்ற வாதத்தில் ராணுவத்தின் தரப்பிலிருந்து பார்த்தால் குறை காண இயலாது. 2021 மார்ச் 31-ஆம் தேதி தில்லி கன்டோன்மென்ட்டில் நடந்த நிகழ்ச்சியுடன் 132 ஆண்டு வரலாறு முடிவுக்கு வந்தது. மாடுகள் பெயரளவு விலைக்கு அரசுத் துறைகளுக்கும் கூட்டுறவு அமைப்புகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

மாடுகள் வேறு கொட்டகைகளில் தொடர்ந்து பால் கறந்திருக்கும். ஆனால் ஒரு மந்தையைப் பல மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பும்போது, தாய்க்கும் மகளுக்கும் பேத்திக்கும் இடையே ஒரே அளவுகோலில் ஒப்பிடும் வாய்ப்பு அறுந்துபோகிறது. மூன்றாண்டுகள் கழித்து மரபணுச் சில்லுக்கு விழா எடுத்த அதே அரசு, அந்தச் சில்லுக்கு மிகவும் தேவைப்பட்ட மந்தைகளில் ஒன்றைக் கலைத்துவிட்டிருந்தது. இரண்டு முடிவுகளும் வெவ்வேறு அமைச்சகங்களில் எடுக்கப்பட்டவை. பாதுகாப்பு அமைச்சகக் கோப்பில் அது பால் செலவு. கால்நடை பராமரிப்பு அமைச்சகம் 2019-இல்தான் தனி அமைச்சகமாகப் பிறந்தது.

மந்தையின் பதிவேடு ஏன் இவ்வளவு முக்கியம் என்று வாசகர் கேட்கலாம். 2001-இல் தியோ மியூவிஸன், பென் ஹேய்ஸ், மைக் கோடார்ட் ஆகிய மூன்று விஞ்ஞானிகள் எழுதிய ஒரு கட்டுரைதான் இன்றைய மரபணுத் தேர்வு முறைக்கு அடித்தளம். ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுக் குறிகளையும் அவற்றின் உண்மையான பால் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எத்தனை லிட்டருக்குச் சமம் என்று கணிதம் கண்டுபிடிக்கிறது. பிறகு, பால் அளக்கப்படாத கன்றின் குறிகளை மட்டும் படித்தே அதன் எதிர்காலத்தைக் கணிக்கிறது. முதல் தொகுதி மாடுகளின் பால் அளக்கப்படவில்லை என்றால், சில்லு வெறும் கண்ணாடித் துண்டு. கிர் மாட்டுக்குத் தொகுத்த கணக்கு தார்பார்க்கருக்கு உதவாது. ஹோல்ஸ்டைன் கணக்கு காங்கேயத்துக்கு அறவே உதவாது. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

சிதறிய முயற்சிகள்: அளந்த இடங்களும் உண்டு. கேரளத்தில் 1963-இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய - சுவிஸ் திட்டத்தின் வழியே 'சுனந்தினி' கலப்பினம் உருவாயிற்று. அங்கே வீடுகளில் இரண்டும் மூன்றுமாக வளர்க்கப்படும் பசுக்களின் பாலை அளந்தே காளைகளை மதிப்பிடும் வழக்கம் பல பதிற்றாண்டுகளாக இருந்து வருகிறது. குஜராத்தின் மேஹ்சானாவில் கூட்டுறவு ஒன்றியம் எருமைகளுக்கு இதைச் செய்தது. உலக வங்கி உதவியுடன் 2011-12 முதல் 2018-19 வரை நடந்த தேசியப் பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில், தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் இன்னும் பல இனங்களுக்கு இதை விரிவாக்கியது. மாதம் ஒரு நாள், காலையிலும் மாலையிலும், ஒருவர் விவசாயியின் தொழுவத்துக்கே சென்று பாலை அளந்து எழுத வேண்டும். ஒரு பசுவுக்கு இப்படிப் பத்து, பதினொரு மாதங்கள். இந்த வேலைக்கு விழா எடுக்க முடியாது. நாடா வெட்ட முடியாது.

ஆனால் கணக்கெடுப்பின் பெருக்கத்தில் இவை சிறு துளிகள். 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடுகள் மட்டும் 19 கோடிக்கு மேல். எருமைகள் சுமார் 11 கோடி. நாட்டின மாடுகள் முந்தைய கணக்கெடுப்பைவிட 6 சதவீதம் குறைந்தன; வெளிநாட்டு, கலப்பின மாடுகள் சுமார் 27 சதவீதம் பெருகின. ஒரு கலப்பினப் பசு நாளொன்றுக்குச் சராசரியாக எட்டரை கிலோவும், நாட்டின மற்றும் இனம் சாராப் பசு மூன்றரை கிலோவும் கறப்பதாக அரசின் புள்ளிவிவரம் கூறுகிறது. இவை மாதிரி ஆய்வில் கிடைக்கும் சராசரிகள். மாநிலத்தின் சராசரி தெரிகிறது. ஆனால் எந்தப் பசு, எந்தக் காளையின் மகள் என்று தெரிவதில்லை. கோடிக்கணக்கான மாடுகளின் காதில் 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை மாட்டியாகிவிட்டது. அந்த எண்ணுக்கு எதிரே தடுப்பூசித் தேதி இருக்கும். பால் அளவு இருப்பது அபூர்வம்.

கிர் சென்ற வழி: இந்த இடத்தில் தில்லியில் எல்லாக் கட்சியினரும் தவறாமல் மேற்கோள் காட்டுவது பிரேசிலை. குஜராத்தின் கிர் மாடு கடல் கடந்து சென்று அங்கே பெரும் பால் மாடாகிவிட்டது. நாம் அதை மறந்துவிட்டோம் என்பது அவர்கள் ஆதங்கம். பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார் சிங்ஜி 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'கிருஷ்ணா' என்ற கிர் காளையை ஒரு பிரேசில் பண்ணையாளருக்கு அளித்ததை அங்கே இன்றும் நினைவுகூர்கிறார்கள். (1948 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் இதே மகாராஜாதான்.)

கதையின் பின்பாதியை மட்டும் நம்மவர்கள் சொல்வதில்லை. கிர் பிரேசில் மண்ணில் தானாக உயர்ந்துவிடவில்லை. 1985-இல் அந்நாட்டு அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் கிர் வளர்ப்போர் சங்கமும் சேர்ந்து சந்ததிச் சோதனையைத் தொடங்கின. அரசுகள் மாறியும் அதை நிறுத்தவில்லை. நாம் பிரீஸ்வால் பணியைத் தொடங்கியதும் அதே 1985-இல்தான். இன்னொரு வேடிக்கை, பிரேசிலின் பாலில் பெரும்பங்கைத் தருவது தூய கிர் அல்ல. எட்டில் ஐந்து பங்கு ஹோல்ஸ்டைனும் எட்டில் மூன்று பங்கு கிர்ரும் கலந்த 'ஜிரோலாண்டோ'. நம் ராணுவப் பண்ணைகள் தேர்ந்த அதே விகிதம். நாட்டினமா, கலப்பினமா என்று நம் அவைகளில் அனல் பறக்கும் விவாதம் நடக்கையில், அங்கே இரண்டின் பாலையும் அளந்து, இரண்டையும் வளர்த்திருக்கிறார்கள்.

அளப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பாலை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுத்த அமெரிக்காவில், பால் உயர்ந்த அதே பதிற்றாண்டுகளில் ஹோல்ஸ்டைன் பசுக்களின் சினைபிடிக்கும் திறன் சரிந்தது. 1962-இல் பிறந்த 'சீஃப்' என்ற புகழ்பெற்ற காளைக்கு 16,000 மகள்கள். அதன் ரத்தத்தில் மறைந்திருந்த ஒரு மரபணுக் கோளாறு, இரு பெற்றோர் வழியாகவும் வந்து சேரும்போது கருவிலேயே கன்றைக் கொன்றுவிடும். உலகெங்கும் ஐந்து லட்சம் கருச்சிதைவுகளுக்கு அது காரணமாகியிருக்கலாம் என்று 2016-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஒரு சில காளைகளின் விந்து லட்சக்கணக்கான பசுக்களுக்குச் செல்லும் எந்த நாட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

கிடேரி மட்டுமே: இப்போது தில்லியில் அதிக ஆர்வம் காட்டப்படுவது பாலினம் பிரிக்கப்பட்ட விந்துவில். பத்தில் ஒன்பது முறை கிடேரியே பிறக்கும். இதன் அரசியல் தெளிவானது. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. மாடு வெட்டுவதற்குப் பல மாநிலங்களில் தடை உள்ளது. விற்க முடியாத காளைக்கன்றை உத்தரப் பிரதேச விவசாயி இரவோடு இரவாகச் சாலையில் விட்டுவிட, அது பக்கத்து வயலில் மேய்கிறது. 2019 கணக்கெடுப்பில் தெருவில் திரிந்த மாடுகள் 50 லட்சத்துக்கும் மேல். 2022 உத்தரப் பிரதேச சட்டப் பேரவைத் தேர்தலில் இது பெரும் பிரச்சினையாகி, பிரதமரே பிரசார மேடையில் தீர்வு காண்பதாக உறுதியளிக்க நேர்ந்தது. காளைக்கன்று பிறக்காமலே செய்துவிட்டால் சட்டத்தையும் தொட வேண்டாம். வாக்காளரையும் பகைக்க வேண்டாம். ஆனால் மட்டமான காளையின் விந்துவைப் பிரித்தால் மட்டமான கிடேரிகள்தான் அதிகம் பிறக்கும். காளை நல்லதா என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது.

பசுவைப் பற்றி அரசியல் சட்டம் சொல்வதிலும் இதே சாய்வு உண்டு. 1948 நவம்பர் 24-ஆம் தேதி பண்டிட் தாக்குர்தாஸ் பார்கவா கொண்டுவந்த திருத்தமே இன்றைய 48-ஆவது பிரிவு. நவீன, அறிவியல் முறையில் கால்நடை வளர்ப்பை அமைக்கவும், இனங்களைப் பாதுகாத்து மேம்படுத்தவும் அரசு முயல வேண்டும் என்பது அதன் முற்பகுதி; பசுவதைத் தடை பிற்பகுதி. அன்றைய விவாதத்தில் பெரும்பகுதி பிற்பகுதியைச் சுற்றியே நடந்தது. இன்றும் நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் மல்லுக்கட்டுவது அதனுடன்தான்.

மற்றொரு சிக்கல் அதிகாரம் பற்றியது. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 15-ஆவது இனமாகக் கால்நடை இன மேம்பாடு இருக்கிறது. பணம் தில்லியிடம், சட்டம் மாநிலங்களிடம். பஞ்சாப் 2016-இல் தனிச் சட்டம் இயற்றியது. தமிழகம் 2019-இல் மாட்டின இனப்பெருக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, பொலிகாளைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியை எண்ணி நாட்டுக் காளை வளர்ப்போர் அஞ்சினர். 2021 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜல்லிக்கட்டில் நாட்டினக் காளைகளுக்கே இடம் என்று கூறிய தீர்ப்பில், செயற்கைமுறைக் கருவூட்டலை இயன்றவரை தவிர்க்கவும் சொன்னது. கோயில் காளையும் ஊர்ப் பொலிகாளையும் மறைந்துபோகும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், எந்தக் காளை நல்லது என்று அளக்காமல் விட்டால் நாட்டினத்தின் பாலும் பெருகப் போவதில்லை, அதை வளர்ப்பவர் கலப்பினத்துக்கு மாறுவதும் நிற்கப் போவதில்லை. 2019 கணக்கெடுப்பு காட்டுவது இதைத்தான்.

திருத்தப்பட்ட கோகுல் மிஷனில் இரண்டு புதிய அம்சங்கள் உள்ளன. 15,000 கிடேரிகளை வளர்க்க 30 மையங்கள் அமைப்பதற்கு மூலதனச் செலவில் 35 சதவீத உதவி. 'உயர் மரபுத்தரம்' கொண்ட சோதனைக்குழாய்க் கிடேரிகளை வாங்க விவசாயி பெறும் கடனுக்கு 3 சதவீத வட்டித் தள்ளுபடி. கடன் வாங்கப் போவது ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பங்கள். கிடேரியின் விலையும் தீவனச் செலவும் அவர்கள் தலையில். அந்தக் கிடேரி கன்று ஈன்று எதிர்பார்த்த பாலைத் தரவில்லை என்றால், வட்டித் தள்ளுபடி போக எஞ்சிய தவணையைக் கட்ட வேண்டியவர்களும் அவர்களே. 'உயர் மரபுத்தரம்' என்று சான்று அளிப்பவர் அதன் தந்தையின் எத்தனை மகள்களின் பாலை அளந்து பார்த்தார் என்பதைக் கடன் பத்திரத்தில் எழுதித்தர வேண்டும் என்று, துறையின் மானியக் கோரிக்கை அடுத்து அவைக்கு வரும்போது ஓர் உறுப்பினரேனும் எழுந்து கேட்கலாம்.